குறுங்கால மிஷன் பயணம்

குறுங்கால மிஷன் பயணம் என்பது ஒரு திருச்சபையைச் சேர்ந்தவர்கள் குழுவாக வேறொரு நாட்டுக்குச் சென்று, சில நாட்களோ சில வாரங்களோ தங்கி, அங்குள்ள ஏழை மக்களிடையே சேவையும் சமயப் பணியும் செய்துவிட்டுத் திரும்புவதாகும். வீடு கட்டுதல், பள்ளிக்கூடத்துக்கு வண்ணம் பூசுதல், மருத்துவ முகாம், சிறுவர்களுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி ஆகியவை இதில் வழக்கமான பணிகள். இரண்டு ஆண்டுகள் வரை தங்குவதையும் சில அமைப்புகள் குறுங்காலம் என்றே கணக்கிடுகின்றன. ஆனால் இன்று இச்சொல் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு வாரப் பயணத்தையே குறிக்கிறது.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் புராட்டஸ்டன்ட் சபைகளில் இப்பயணம் இளைஞர் வாழ்வின் ஒரு சடங்கு போலவே ஆகிவிட்டது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ராபர்ட் வுத்னோ, 2005-இல் எடுத்த ஆய்வின் அடிப்படையில், ஆண்டுக்குச் சுமார் 16 லட்சம் அமெரிக்கச் சபையினர் இவ்வாறு வெளிநாடு செல்வதாகக் கணித்தார். அருகில் இருப்பதாலும் பயணச் செலவு குறைவு என்பதாலும் மெக்ஸிகோவுக்கும் மத்திய அமெரிக்க, கரீபிய நாடுகளுக்கும் செல்பவர்கள் அதிகம். தென்கொரியச் சபைகளிலும் இவ்வழக்கம் வலுவாக உண்டு.

இவ்வளவு பேர் போய் வருவதால் யாருக்கு என்ன பயன் என்ற கேள்வி பல ஆண்டுகளாக விவாதிக்கப்படுகிறது. இக்கேள்வியை உரக்கக் கேட்டவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்களே. அவர்களில் பலர் ஏழைகளிடையே நெடுங்காலம் வாழ்ந்து பணியாற்றியவர்கள்.

தோற்றம்

பழைய மிஷனெரிப் பணி வாழ்நாள் பணியாக இருந்தது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க் 1719-இல் அவ்வூரிலேயே இறந்தார். 1838-இல் சென்னைக்கு வந்த கால்டுவெல் அரை நூற்றாண்டுக்கும் மேல் தமிழகத்தில் பணியாற்றி 1891-இல் மறைந்தார். கப்பல் பயணமே பல மாதங்களை விழுங்கிய காலத்தில், போவது என்றால் தங்குவது என்றே பொருள். தங்க வந்தவர் முதலில் செய்த வேலை உள்ளூர் மொழியைக் கற்பதுதான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் விமானப் பயணம் பரவலானதும் இந்த நிலை மாறியது. 1957-இல் ஜார்ஜ் வெர்வர் என்ற அமெரிக்கக் கல்லூரி மாணவர் தன் நண்பர்கள் இருவருடன் கோடை விடுமுறையில் மெக்ஸிகோ சென்று ஸ்பானிய மொழிக் கிறிஸ்தவ நூல்களை விநியோகித்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஆபரேஷன் மொபிலைசேஷன் என்ற அமைப்பு. 1960-இல் லோரன் கன்னிங்ஹாம், யூத் வித் எ மிஷன் அமைப்பைத் தொடங்கினார். முறையான இறையியல் பட்டம் இல்லாத இளைஞர்களும் குறுகிய காலத்துக்கு அனுப்பப்படலாம் என்பது அவரது எண்ணம். அன்றைய மிஷன் சங்கங்களுக்கு அது புதிது. 1961-இல் கென்னடியின் அரசு பீஸ் கோர் திட்டத்தைத் தொடங்கியபோது, வெளிநாட்டுக்குப் போய்ச் சேவை செய்வது சமயச் சார்பற்ற அமெரிக்க இளைஞர்களுக்கும் ஒரு கனவாயிற்று. ஆனால் பீஸ் கோர் தன்னார்வலர்கள் பயிற்சி பெற்று, மொழி கற்று, இரண்டு ஆண்டுகள் தங்கினார்கள். சபைப் பயணங்களோ அடுத்த தலைமுறையில் விடுமுறைக்கு ஏற்பச் சுருங்கிச் சுருங்கி ஒரு வாரத்தில் வந்து நின்றன.

பயணம் நடக்கும் விதம்

ஏற்பாடு பல மாதங்களுக்கு முன்பே தொடங்கும். செல்பவர்கள் உறவினருக்கும் நண்பர்களுக்கும் கடிதம் எழுதி நன்கொடை கேட்பார்கள். சபை வளாகத்தில் கார் கழுவியும் கேக் விற்றும் பணம் சேர்ப்பதுண்டு. குழுவுக்கென ஒரே நிறத்தில் பனியன் அச்சிடப்படும். பள்ளி, கல்லூரி விடுமுறைக் காலங்களில் இத்தகைய பனியன் குழுக்களை மத்திய அமெரிக்க விமான நிலையங்களில் சாதாரணமாகக் காணலாம்.

போய்ச் சேரும் ஊரில் உள்ளூர்ப் போதகரோ ஓர் அமைப்போ தங்குமிடம், வண்டி, உணவு, மொழிபெயர்ப்பாளர் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்து வைத்திருக்கும். பகலில் வேலை, மாலையில் ஜெபமும் சாட்சியும். கடைசி நாள் பெரும்பாலும் கடைவீதிக்கோ கடற்கரைக்கோ போகும். ஊர் திரும்பியபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் படங்கள் காட்டப்படும். இதனால் உள்ளூரில் வண்டியோட்டி, சமையல் செய்பவர், மொழிபெயர்ப்பாளர் ஆகியோருக்குக் கூலி கிடைப்பது உண்மை. விருந்தினரைக் கவனிப்பதில் போதகரின் பல வாரங்கள் கரைவதும் உண்மை.

என்ன வேலை தருவது என்பதே விருந்தளிப்பவரின் பெரிய சிக்கல். ஒரு வாரத்தில், மொழியும் தொழிலும் தெரியாத இருபது பேர் செய்யக்கூடிய வேலை எது என்று தேடினால் கடைசியில் மிஞ்சுவது பெயின்ட் அடிப்பதுதான். அட்லாண்டா நகரின் ஏழைப் பகுதிகளில் நாற்பது ஆண்டுகள் பணியாற்றிய ராபர்ட் லப்டன், 2011-இல் வெளியான ‘டாக்சிக் சாரிட்டி’ நூலில், மெக்ஸிகோவின் ஒரு தேவாலயத்துக்கு ஒரே கோடையில் ஆறு குழுக்கள் ஆறு முறை வண்ணம் பூசியதை எழுதினார். சிரிப்பாகத் தோன்றினாலும் இதில் போதகரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். சுவருக்கு இனி வண்ணம் வேண்டாம் என்று அவர் சொன்னால் அடுத்த குழு வேறு ஊருக்குப் போய்விடும். குழுவோடு வரும் காணிக்கையும் போய்விடும்.

ஹோண்டுராஸ் வீடுகள்

இப்பயணங்களைப் பற்றிய விவாதத்தில் மிக அதிகமாக எடுத்துக்காட்டப்படும் ஆய்வு ஹோண்டுராஸில் நடந்தது. 1998 அக்டோபர் இறுதியில் மிட்ச் சூறாவளி மத்திய அமெரிக்காவைத் தாக்கியது. காற்றைவிட மழையே பேரழிவு செய்தது. சூறாவளி வலுவிழந்து ஹோண்டுராஸின் மேல் மெல்ல நகர்ந்ததால் மலைச் சரிவுகள் சரிந்தன; தலைநகர் டெகுசிகல்பாவுக்குள் சோலுடெகா ஆறு புகுந்தது. மத்திய அமெரிக்கா முழுவதும் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நாட்டின் ஐம்பதாண்டு முன்னேற்றம் அழிந்துவிட்டது என்று ஹோண்டுராஸ் குடியரசுத் தலைவர் கார்லோஸ் ஃப்ளோரெஸ் கூறினார்.

வீடிழந்தவர்களுக்கு வீடு கட்ட வட அமெரிக்கச் சபைகள் குழு குழுவாக வந்தன. அதே காலத்தில் ஹோண்டுராஸின் உள்ளூர்க் கிறிஸ்தவ அமைப்புகளும் உள்ளூர்க் கொத்தனார்களை வைத்து வீடுகள் கட்டிக்கொண்டிருந்தன. ஒரே பேரிடர், ஒரே மக்கள், ஏறத்தாழ ஒரே மாதிரியான வீடு. கட்டியவர்கள் மட்டும் வேறு. கள ஆய்வில் இவ்வளவு பொருத்தமான ஒப்பீடு எளிதில் வாய்க்காது. அமெரிக்காவின் கால்வின் கல்லூரிப் பேராசிரியரும், மனைவியோடு ஹோண்டுராஸிலேயே பல ஆண்டுகளாக வாழ்பவருமான சமூகவியலாளர் கர்ட் வெர் பீக் இதைப் பயன்படுத்திக்கொண்டார். அவரது கட்டுரை 2006-இல் ‘மிஸ்ஸியாலஜி’ ஆய்விதழில் வெளியானது.

அவர் முதலில் பார்த்தது கணக்கை. உள்ளூர் அமைப்பு கட்டிய ஒரு வீட்டுக்குச் சுமார் 2,000 டாலர் ஆனது. வெளிநாட்டுக் குழு கட்டிய வீட்டுக்கு, விமானக் கட்டணம், தங்குமிடம், உணவு எல்லாம் சேர்த்துச் சராசரியாக 30,000 டாலர் ஆனது. ஒரு குழுவின் செலவில் பதினைந்து வீடுகள் எழுந்திருக்கலாம்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அது எளிதில் தள்ளத்தக்கதும் அல்ல. அந்த 30,000 டாலர் பயணத்துக்காகவே திரட்டப்பட்டது, பயணம் இல்லையென்றால் அதில் பெரும்பகுதி சேர்ந்தே இருக்காது என்பார்கள். மகளின் பயணத்துக்கு நூறு டாலர் கொடுக்கும் பக்கத்து வீட்டுக்காரர், பெயர் தெரியாத ஹோண்டுராஸ் குடும்பத்துக்கு அதைக் கொடுப்பாரா? மேலும், வீட்டைவிட உறவே பெரிது, கடல் கடந்து ஒருவர் நம்மைத் தேடி வந்தார் என்பது பேரிடரில் நொந்தவர்களுக்குத் தரும் ஆறுதலைப் பணத்தால் அளக்க முடியாது என்றும் சொல்லப்பட்டது.

வெர் பீக் அதையும் கேட்டுப் பார்த்தார். வெளிநாட்டுக் குழு கட்டிய வீட்டில் குடியிருப்பவர்களையும் உள்ளூர் அமைப்பு கட்டிய வீட்டில் குடியிருப்பவர்களையும் சந்தித்தபோது, அவர்கள் வாழ்விலோ நம்பிக்கையிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. வந்தவர்களை அவர்கள் அன்போடு நினைவுகூர்ந்தார்கள். ஆயினும் அந்தப் பயணப் பணத்தில் இன்னும் பல வீடுகள் கட்டியிருக்கலாம் என்பதே பலருடைய கருத்தாக இருந்தது. வீடு கிடைக்காத அண்டை வீட்டாரை அன்றாடம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்.

ஆய்வின் மறுபாதி, சென்று வந்தவர்களைப் பற்றியது. ஏழைகளுக்குப் பெரிய பயன் இல்லாவிட்டாலும், போய் வரும் இளைஞரின் வாழ்க்கை மாறும், அவர் பிற்காலத்தில் அதிகம் ஜெபிப்பார், அதிகம் கொடுப்பார் என்பது இப்பயணங்களுக்குச் சொல்லப்படும் முக்கிய நியாயம். வெர் பீக்குக்கு 127 பேர் பதிலளித்தார்கள். பயணத்துக்குப் பின் தங்கள் கொடையும் ஈடுபாடும் கூடியதாகப் பலர் கூறினர். ஆனால் அவர்களை அனுப்பிய அமைப்பின் நன்கொடைக் கணக்கைப் பார்த்தபோது அந்த அளவுக்கு மாற்றம் தெரியவில்லை. பொய் சொன்னார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. பயணத்தில் உண்டான உணர்ச்சி உண்மையானது. அதைத் தாங்கிப் பிடிக்க ஊரில் ஒன்றும் இல்லை. பின்னர் எழுதிய ஒரு கட்டுரையில் அவர் இதை வளைக்கப்பட்ட இளமரத்துக்கு ஒப்பிட்டார். வளைத்த கையை எடுத்தால் மரம் பழைய நிலைக்கே நிமிரும். வளைந்தபடி வளர வேண்டுமானால் முளையடித்துக் கட்டி வைக்க வேண்டும். ஆகவே பயணத்துக்கு முந்திய பயிற்சியும் பிந்திய தொடர்பும் இல்லாமல் ஒரு வாரம் மட்டும் எதையும் மாற்றாது என்பது அவர் முடிவு.

இவான் இல்லிச்சின் உரை

இக்குறைகளில் பலவற்றை ஒரு தலைமுறைக்கு முன்பே சொன்னவர் இவான் இல்லிச். ஆஸ்திரியாவில் பிறந்த கத்தோலிக்கக் குருவான அவர் மெக்ஸிகோவின் குவெர்னவாகா நகரில் ஒரு பயிற்சி மையம் நடத்தினார். லத்தீன் அமெரிக்காவுக்குப் பணிசெய்ய வரும் வட அமெரிக்கர்களுக்கு அங்கே ஸ்பானிய மொழி கற்பிக்கப்பட்டது. உங்கள் வருகை தேவையா என்ற சந்தேகமும் சேர்த்தே கற்பிக்கப்பட்டது. 1968 ஏப்ரல் 20 அன்று, மெக்ஸிகோ கிராமங்களில் கோடைச் சேவைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த அமெரிக்க மாணவர்களின் கூட்டத்தில் அவர் பேசினார். நல்லெண்ணம் நரகத்துக்குப் போகட்டும் என்ற பொருளுள்ள தலைப்பில் அவ்வுரை இன்றும் சேவைப் பயணப் பயிற்சிகளில் வாசிக்கப்படுகிறது.

அவரது வாதம் செலவைப் பற்றியதன்று. மொழி தெரியாத இடத்தில் தான் செய்யும் தவற்றைக் கூட ஒருவரால் அறிய முடியாது. கிராமத்தார் மரியாதைக்காகச் சொல்ல மாட்டார்கள், சொன்னாலும் புரியாது. வசதியான நாட்டின் இளைஞர், தாமறியாமலே அந்நாட்டு வாழ்க்கை முறையின் விற்பனையாளராகக் கிராமத்தில் போய் நிற்கிறார். ஏழைக்கு உதவத்தான் வேண்டுமென்றால், வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய சொந்த ஊர் ஏழைகளிடம் போகலாம் என்பது அவர் கருத்து. மெக்ஸிகோவுக்குப் பார்க்கவும் கற்கவும் வருவதை அவர் தடுக்கவில்லை. உதவுகிறோம் என்று வருவதையே எதிர்த்தார்.

பிள்ளைகள்

குறுங்காலக் குழுக்கள் விரும்பிச் செல்லும் இடங்களில் அனாதை இல்லங்கள் முதன்மையானவை. மொழி தேவையில்லை; குழந்தைகள் ஓடி வந்து கட்டிக்கொள்வார்கள். தீங்கு அதிகம் நேர்வதும் இங்கேதான். ஒவ்வொரு வாரமும் புதியவர் வந்து கொஞ்சிவிட்டுப் போய்விடுவது குழந்தையின் மனதில் பிரிவை மீண்டும் மீண்டும் உண்டாக்குகிறது என்று குழந்தைநல வல்லுநர்கள் எச்சரிக்கிறார்கள். இன்னொன்று பணம் சார்ந்தது. கம்போடியாவில் காப்பகக் குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினருக்குத் தாய் அல்லது தந்தை உயிரோடு இருப்பதாக யூனிசெஃப் சுட்டிக்காட்டியது. வெளிநாட்டு நன்கொடையும் வருகையாளரும் பெருகப் பெருக, இல்லங்களும் பெருகின. அவற்றை நிரப்ப வறுமைப்பட்ட குடும்பங்களிலிருந்து பிள்ளைகள் பெறப்பட்டனர். ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் 2017-இல் நவீன அடிமைமுறை பற்றி நடத்திய விசாரணையில் இது தனிப் பொருளாகவே ஆராயப்பட்டது.

2010 ஜனவரி 12 அன்று ஹைட்டியில் நிலநடுக்கம் ஏற்பட்டது. அம்மாத இறுதியில், அமெரிக்காவின் ஐடஹோ மாநில பாப்டிஸ்ட் சபைகளைச் சேர்ந்தவர்களைப் பெரும்பாலாகக் கொண்ட பத்துப் பேர், உரிய ஆவணங்கள் இல்லாமல் 33 பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி டொமினிக்கன் குடியரசுக்குக் கொண்டு செல்ல முயன்று எல்லையில் கைதானார்கள். அனாதைகளைக் காப்பாற்றுவதாக அவர்கள் கூறினர். விசாரித்தபோது பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோர் இருந்தனர். படிப்பும் நல்ல வாழ்வும் கிடைக்கும் என்ற பேச்சை நம்பி, வீடிடிந்த பெற்றோர் தாமே பிள்ளைகளை ஒப்படைத்திருந்தார்கள். ஒன்பது பேர் படிப்படியாக விடுவிக்கப்பட்டனர். குழுத் தலைவி முறையற்ற பயணத்துக்கு ஏற்பாடு செய்த குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டு, ஏற்கனவே சிறையில் கழித்த காலமே தண்டனையாகக் கணக்கிடப்பட்டு, மே மாதம் நாடு திரும்பினார்.

மருத்துவ முகாம்கள்

மருத்துவக் குழுக்களின் நிலை சற்று வேறு. கண்புரை, உதட்டுப் பிளவு போன்ற ஒருமுறை அறுவைச் சிகிச்சைகளில் தேர்ந்த மருத்துவர் சில நாட்களில் ஒருவரின் வாழ்வையே மாற்றிவிட முடியும். பின்கவனிப்புக்கு உள்ளூர் மருத்துவமனை இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. 1978-இல் தொடங்கிய மெர்சி ஷிப்ஸ் அமைப்பின் மருத்துவக் கப்பல்கள் ஒரு துறைமுகத்தில் பல மாதங்கள் நிற்பது இதனால்தான். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் முகாம் பயன்படுவது குறைவு. முப்பது நாள் மாத்திரை கொடுத்துவிட்டுக் குழு போய்விடும். முப்பத்தோராம் நாள் நோய் அப்படியே இருக்கும். பெட்டியில் கொண்டுவரும் மருந்துகளும் தொல்லை தரும். காலாவதியை நெருங்கிய, உள்ளூர் மருத்துவருக்குப் பழக்கமில்லாத மருந்துகள் குவிவதைத் தடுக்க உலக சுகாதார நிறுவனம் 1996-இல் மருந்து நன்கொடை நெறிமுறைகளை வெளியிட்டது. வந்து சேரும்போது மருந்துக்கு இன்னும் ஓராண்டாவது ஆயுள் இருக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று.

கொரியக் குழு, 2007

இப்பயணம் உயிருக்கே ஆபத்தாக முடிந்ததும் உண்டு. 2007 ஜூலையில் தென்கொரியாவின் பூந்தாங் நகரிலுள்ள ஸெம்முல் சபையினர் 23 பேர் ஆப்கானிஸ்தான் சென்றனர். மருத்துவ உதவியும் சிறுவர் பணியும் அவர்கள் திட்டம். ஜூலை 19 அன்று காபூலிலிருந்து காந்தஹாருக்குப் பேருந்தில் போகையில் கஜ்னி மாகாணத்தில் தாலிபான் அவர்களைக் கடத்தியது. குழுவை வழிநடத்திய போதகரும் இன்னோர் இளைஞரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆகஸ்டு நடுவில் பெண்கள் இருவரும், மாத இறுதியில் எஞ்சிய 19 பேரும் விடுவிக்கப்பட்டார்கள். ஆப்கானிஸ்தானிலிருந்த தன் 200 படையினரை ஆண்டு இறுதிக்குள் திரும்பப் பெறுவதாகவும், கொரிய மிஷனெரிப் பணியை அங்கே நிறுத்துவதாகவும் தென்கொரிய அரசு ஒப்புக்கொண்டது.

புறப்படும்முன் விமான நிலையத்தில், ஆப்கானிஸ்தான் போக வேண்டாம் என்ற அரசு அறிவிப்புப் பலகையின் அருகே குழுவினர் சிரித்தபடி நின்று எடுத்துக்கொண்ட படம் பின்னர் நாளிதழ்களில் வெளியானது. திரும்பி வந்தவர்கள் அனுதாபத்தோடு கோபத்தையும் சந்தித்தார்கள்; பொதுமக்களிடம் மன்னிப்புக் கேட்டார்கள். ஒரு சபையின் ஆர்வத்துக்கு ஒரு நாடே பேரம் பேச வேண்டியிருந்தது என்பதே கோபத்தின் காரணம். ஆப்கானிஸ்தான் போன்ற சில நாடுகளுக்கு அனுமதியின்றிச் செல்வதை அரசு சட்டத்தால் தடுத்தது.

பல நாடுகளில் விசா விதியே இப்பயணங்களுக்கு எல்லை வகுக்கிறது. இந்தியாவில் சுற்றுலா விசாவில் வந்து மதப் பணி செய்ய அனுமதியில்லை. மிஷனெரிகளுக்கெனத் தனி விசா வகை உண்டு.

அழைப்பவர் யார்

விமர்சனங்களுக்குப் பின் சபைகள் சில மாற்றங்களைச் செய்தன. 2003-இல் அமெரிக்க அமைப்புகள் சேர்ந்து குறுங்கால மிஷனுக்கான ஏழு தர நெறிகளை வகுத்தன. திட்டத்தை இருதரப்பும் சேர்ந்து வகுப்பது, முன் பயிற்சி, பின்தொடர்தல் ஆகியவை அவற்றில் அடங்கும். 2009-இல் ஸ்டீவ் கார்பெட், பிரையன் ஃபிக்கர்ட் ஆகியோரின் ‘வென் ஹெல்ப்பிங் ஹர்ட்ஸ்’ நூல் வெளிவந்து சபை வட்டங்களில் பரவலாக வாசிக்கப்பட்டது. பேரிடர் நேரத்து நிவாரணம் வேறு, வளர்ச்சி வேறு என்று அந்நூல் பிரித்துக் காட்டியது. வெள்ளத்தில் தவிப்பவருக்குச் சோறு கொடுப்பது நிவாரணம். தன் சுவரைத் தானே எழுப்பக்கூடியவர் அருகில் நிற்க, அவர் சுவரை வேறொருவர் எழுப்புவது அவரை ஆளில்லாதவர் ஆக்குகிறது. பிள்ளைகளின் கண்ணெதிரே அது நடக்கும்போது தந்தையின் மதிப்பையும் குறைக்கிறது. வேறு சில சபைகள் ஆண்டுதோறும் ஒரே ஊருக்கு இரண்டு மூன்று பேரை மட்டும் அனுப்பி, கட்டட வேலைக்கு உள்ளூர்க் கூலியைத் தந்துவிடும் முறைக்கு மாறின.

பெரு நாட்டில் மானிடவியலாளர் ராபர்ட் பிரீஸ்ட் கண்டது இந்த விவாதத்தை வேறு பக்கம் திருப்புகிறது. லிமா நகரின் புராட்டஸ்டன்ட் சபைகள், கத்தோலிக்கப் பெரும்பான்மை நாட்டில், செல்வாக்கற்ற சிறு சபைகள். போதகர் தனியே போனால் பள்ளித் தலைமையாசிரியரோ சிறை அதிகாரியோ உள்ளே விடுவதில்லை. ஆங்கிலம் பேசும் வெளிநாட்டவர் குழுவோடு போனால் கதவு திறக்கிறது. குழு ஊர் திரும்பிய பின்பும் அந்த அறிமுகம் போதகரிடம் இருக்கிறது. 2007-இல் வெளியான தன் கட்டுரையில் பிரீஸ்ட் இதை, எளியோரை அதிகாரமுள்ளவர்களுடன் இணைக்கும் சமூக மூலதனம் என்று விளக்கினார். இங்கே வெளிநாட்டவர் செய்யும் வேலை மிகக் குறைவு. பெரும்பாலும் உடன் போய் நின்றால் போதும். எந்தப் பள்ளிக்குப் போவது, எந்தச் சிறைக்குப் போவது, யார் பேசுவது என்பதை லிமாவின் போதகர் முடிவு செய்கிறார்.